ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறும்

தேக்கா ஈரச்சந்தைக்குக் காய்கறி வாங்கவும் சிராங்கூன் சாலைக்குப் பூ வாங்கவும் செல்பவர்கள் பலர். அங்கிருந்து சில நிமிட நடையில் வேறு வகையான சந்தை ஒன்று இருப்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. ஜாலான் புசாரின் தொடக்கத்தில் நிற்கும் சிம் லிம் டவர் கட்டடமே அது. மின்தடை, மின்தேக்கி, கம்பி, பொத்தான், இணைப்பான், ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கருவி முதலியவற்றை அங்குள்ள கடைகளில் சில்லறையாக வாங்கலாம். ஒரு பொருளைத் தாங்களே செய்யவோ பழுதுபார்க்கவோ விரும்புபவர்கள் தேடிச் செல்லும் இடம் அது.

அதற்குச் சற்றுத் தொலைவில்தான் சுங்கை சாலையின் பழைய பொருள் சந்தை இருந்தது. 1930களில் தொடங்கிய அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது. ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளை இன்னொருவர் வாங்கிச் சென்று மீண்டும் இயங்கச் செய்வது அங்கு வழக்கமாக இருந்தது. சந்தை மறைந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் மறையவில்லை. கையில் உள்ள பொருளைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் ஆர்வம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அத்தகைய ஆர்வத்துக்கு ஏற்ற பொருள்களுள் ஒன்று, கரடுமுரடான தரையில் ஓடும் ரிமோட் டிரக்.

டிரக் எப்படி இயங்குகிறது?

கம்பியின் தொடர்பு இல்லாமல் ஒரு வண்டியைத் தொலைவிலிருந்து இயக்கும் எண்ணம் புதியதன்று. நிக்கோலா டெஸ்லா என்னும் அறிவியலாளர் 1898ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் வானொலி அலைகளால் இயங்கும் சிறு படகை மக்கள்முன் ஓட்டிக் காட்டினார். பொழுதுபோக்குக்கான மாதிரி வண்டிகள் பரவலானது பிற்காலத்தில்தான். ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டில் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் வண்டிகளை அது 1979ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கியது. அவ்வண்டிகள் உதிரிப் பாகங்களாகவே பெட்டியில் வந்தன. வாங்கியவரே அவற்றைப் பூட்ட வேண்டியிருந்தது. எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பது வண்டியைப் பூட்டியவருக்குத் தெரியும். எனவே, அதைக் கழற்றி மாற்றவும் அவர் தயங்குவதில்லை.

இத்தகைய டிரக்கில் ஐந்து முக்கியப் பாகங்கள் உள்ளன. கையில் பிடிக்கும் கருவியிலிருந்து வரும் வானொலி அலைகளை 'ரிசீவர்' பெற்றுக்கொள்ளும். 'சர்வோ' என்னும் சிறு இயந்திரம் முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும். வேகக் கட்டுப்படுத்தி, மின்கலத்திலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும். மோட்டார் சுழலும். அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக அச்சுகளுக்கும், அச்சுகளிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். இவற்றுக்குத் தேவையான ஆற்றலைத் தருவது மின்கலம். இப்பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

டிரக்கை மாற்றியமைக்க விரும்பும் பலர், கடையில் பளபளப்பாகத் தெரியும் பாகத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதற்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்த வண்டி என்ன செய்ய வேண்டும்? திடலில் விரைந்து ஓட வேண்டுமா? பாறைகள்மீது மெதுவாக ஏற வேண்டுமா? உண்மையான லாரியைப் போலத் தோற்றமளித்தால் போதுமா? மூன்றையும் ஒரே வண்டி சிறப்பாகச் செய்வது அரிது. விரைவுக்குத் தாழ்வான, எடை குறைந்த வண்டி தேவை. பாறை ஏற, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே நல்ல இடைவெளி தேவை.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவரிடம் உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக் ஒன்று இருக்கிறது. செங்கற்களையும் கற்களையும் அடுக்கி, அவற்றின்மீது டிரக்கை ஏற்றிப் பார்க்கிறார். சக்கரம் ஏறிவிடுகிறது. ஆனால், வண்டியின் வயிற்றுப்பகுதி கல்லில் தட்டி நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய அவர் பெரிய டயர்களைப் பொருத்த முடிவு செய்கிறார். அந்த ஒரு மாற்றம் எங்கெல்லாம் கொண்டு செல்கிறது என்று பார்ப்போம்.

டயரும் பற்சக்கரமும்

பழைய டயரின் விட்டம் 90 மி.மீ., புதிய டயரின் விட்டம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் மையம் தரையிலிருந்து இருந்த உயரம் 45 மி.மீ.; இப்போது 60 மி.மீ. ஆகவே, வண்டியின் வயிற்றுப்பகுதி 15 மி.மீ. உயர்ந்துவிட்டது. முன்பு தட்டிய கல்லை டிரக் இப்போது எளிதில் தாண்டுகிறது.

ஆனால், சில நிமிடங்களில் மோட்டார் மிகவும் சூடாகிறது. ஏன்? பழைய டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி சுமார் 28 செ.மீ. நகரும். புதிய டயர் ஒருமுறை சுழன்றால் சுமார் 38 செ.மீ. நகரும். ஒரே சுழற்சியில் அதிகத் தூரம் செல்வதால், டயர் தரையைத் தள்ளும் விசை குறைந்துவிடுகிறது. முன்பிருந்த விசையில் நான்கில் மூன்று பங்கே இப்போது கிடைக்கிறது. மேட்டில் ஏற அது போதாதபோது மோட்டார் திணறுகிறது, அதிக மின்சாரத்தை இழுக்கிறது, சூடாகிறது.

இதற்குத் தீர்வு பற்சக்கரத்தில் இருக்கிறது. மோட்டாரின் முனையில் சிறிய பற்சக்கரம் ஒன்று உண்டு. அது பெரிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். சிறியதில் 15 பற்களும் பெரியதில் 90 பற்களும் இருந்தால், மோட்டார் 6 முறை சுழலும்போது பெரிய சக்கரம் ஒருமுறை சுழலும். மிதிவண்டியில் மேடு ஏறும்போது நாம் கியரை மாற்றுகிறோம் அல்லவா? அதே கொள்கைதான் இது. வேகத்தை விட்டுக்கொடுத்தால் விசை கூடும்.

மாணவி 15 பற்கள் உள்ள சிறு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 11 பற்கள் உள்ளதைப் பொருத்துகிறார். 90ஐ 11ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.2 வருகிறது. மோட்டார் 8.2 முறை சுழன்றால்தான் பெரிய சக்கரம் ஒருமுறை சுழலும். பெரிய டயரால் இழந்த விசை ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பிவிட்டது. வேகமும் கிட்டத்தட்டப் பழைய வேகமே. சிறிய பாகம் ஒன்று, பெரிய டயரால் வந்த சிக்கலைத் தீர்த்துவிட்டது.

இங்குக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பற்சக்கரத்தை மாற்றியதும் மோட்டாரைச் சற்று நகர்த்தி, பற்கள் சரியாகப் பொருந்துமாறு செய்ய வேண்டும். மிக நெருக்கமாக இருந்தால் உராய்வு கூடும். மிகத் தள்ளி இருந்தால் பற்கள் தேய்ந்து உடையும். மெல்லிய தாள் ஒன்றை இரு சக்கரங்களுக்கும் நடுவே வைத்து மோட்டாரை இறுக்கிவிட்டு, பிறகு தாளை எடுத்துவிடுவது ஆர்வலர்கள் பின்பற்றும் எளிய வழி.

உயரம் தரும் நன்மையும் தொல்லையும்

இப்போது டிரக் கல்லைத் தாண்டுகிறது, மோட்டாரும் சூடாவதில்லை. ஆனால், சரிவில் குறுக்காகச் செல்லும்போது வண்டி உருண்டு கவிழ்கிறது. முன்பு அப்படிக் கவிழ்ந்ததில்லை.

இதற்குக் காரணம் ஈர்ப்பு மையம். வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதினால், அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழாக வரையும் கோடு சக்கரங்களுக்கு உள்ளே விழும்வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். இந்த டிரக்கின் அகலம் 240 மி.மீ. என்போம். ஈர்ப்பு மையம் 85 மி.மீ. உயரத்தில் இருந்தபோது, தரை பக்கவாட்டில் சுமார் 55 பாகை சாயும்வரை அது நிற்கக்கூடும். டயரை மாற்றியபின் ஈர்ப்பு மையம் 100 மி.மீ. உயரத்துக்குச் சென்றுவிட்டது. இப்போது சுமார் 50 பாகையிலேயே அது கவிழ்ந்துவிடும். உண்மையில் சுருள்விற்களும் டயர்களும் எடையின் பக்கமாக அமுங்குவதால், அதற்கு முன்பே கவிழ்வதும் உண்டு.

ஈர்ப்பு மையத்தை மீண்டும் தாழ்த்த என்ன செய்யலாம்? வண்டியில் கனமான பாகங்களுள் ஒன்று மின்கலம். அதை மேல்தட்டிலிருந்து எடுத்து, சட்டத்தின் அடிப்பகுதியில் பொருத்தலாம். முன்சக்கரங்களுக்கு அருகே பொருத்தினால் இன்னொரு நன்மையும் உண்டு. செங்குத்தான மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். மின்கலத்தின் எடை அவற்றை அழுத்திப் பிடிக்கும். சிலர் சக்கரங்களுக்குள்ளேயே பித்தளை வளையங்களை வைக்கிறார்கள். எடை தரைக்கு அருகில் இருப்பதால் வண்டி உறுதியாக நிற்கும். ஆனால், மொத்த எடை கூடிவிடும். மின்கலம் விரைவில் தீரும். சக்கரங்களைத் திருப்பும் சர்வோவும் கடுமையாக உழைக்க வேண்டும்.

பெரிய டயர் மேற்கூட்டின் விளிம்பில் உரசுவதும் உண்டு. பல வண்டிகளின் மேற்கூடு பாலிகார்பனேட் என்னும் மெல்லிய நெகிழியால் ஆனது. வளைந்த கத்தரிக்கோலால் அதன் சக்கர வளைவைச் சற்றுப் பெரிதாக வெட்டலாம். ஒளி ஊடுருவும் இத்தகைய மேற்கூட்டுக்கு உட்புறத்தில்தான் வண்ணம் பூசுவார்கள். கற்களில் உரசினாலும் வண்ணம் அழியாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

சுழலாத சக்கரம்

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம், உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் செல்ல வேண்டும். அதனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் 'டிஃபரன்ஷியல்' என்னும் பற்சக்கரத் தொகுதி அச்சின் நடுவே அமைக்கப்படுகிறது. நம் சாலைகளில் ஓடும் கார்களிலும் அது உண்டு.

பாறையில் ஏறும்போது இதே அமைப்பு இடையூறாகிவிடுகிறது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுழலும். தரையைத் தொடும் சக்கரத்துக்குப் போதிய விசை கிடைக்காது. எனவே, பாறை ஏறும் டிரக்குகளில் இரு சக்கரங்களும் எப்போதும் சேர்ந்தே சுழலுமாறு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடுவார்கள். வண்டி எளிதில் ஏறும். ஆனால், திரும்புவதற்கு அதிக இடம் தேவைப்படும். தார்ச்சாலையில் டயர்கள் தேய்த்துக்கொண்டு செல்லும், அச்சுகள் முறுக்கப்படும். 2017ஆம் ஆண்டில் டிராக்ஸஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட மாதிரி வண்டி ஒன்றில், ஓட்டுபவர் கையிலுள்ள கருவியின் பொத்தானைக் கொண்டே டிஃபரன்ஷியலைப் பூட்டவும் திறக்கவும் முடிந்தது. அதே வண்டியில், சக்கரத்தின் மையத்தைவிட உயரமான இடத்தில் அச்சு அமைந்திருந்தது. ஜெர்மனியில் உருவான உனிமோக் லாரிகளில் காணப்படும் ஏற்பாடு அது. டயரைப் பெரிதாக்காமலேயே தரை இடைவெளியைக் கூட்ட அது உதவுகிறது.

ஆர்வலர்கள் கண்ட புதிய வழி

மாற்றியமைப்பின் ஆற்றலுக்குக் கிளாட் பஸ்டர் டிரக் நல்ல சான்று. டாமியா நிறுவனம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த டிரக், பெரும் டயர்களைக் கொண்டது. அதன் முன் அச்சில் ஒரு மோட்டாரும் பின் அச்சில் ஒரு மோட்டாரும் இருந்தன. நான்கு சக்கரங்களும் திரும்பும்.

பிற்காலத்தில் பாறை ஏறும் வண்டிகளைச் செய்ய விரும்பிய ஆர்வலர்கள் இதன் அமைப்பைக் கூர்ந்து கவனித்தார்கள். மற்ற வண்டிகளில் நடுவில் உள்ள மோட்டாரிலிருந்து இரு அச்சுகளுக்கும் தண்டுகள் செல்ல வேண்டும். இதிலோ, அச்சுகளிலேயே மோட்டார்கள் இருப்பதால் நடுவில் தண்டு தேவையில்லை. எனவே, அவர்கள் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, அந்த அச்சுகளைத் தாங்களே செய்த புதிய சட்டத்தில் பொருத்தினார்கள். மோட்டார்கள் அச்சில் தாழ்வாக இருந்ததால் ஈர்ப்பு மையமும் தாழ்ந்தது. ஆட்டம் காட்டவும் குதிக்கவும் விற்கப்பட்ட வண்டி, மெதுவாகப் பாறை ஏறும் வண்டியானது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. அச்சில் எடை கூடினால், விரைவாக ஓடும்போது அச்சு துள்ளும். சுருள்விற்களால் அதை அடக்க முடியாது. மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அது பெரிய குறையன்று. தங்கள் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்ததால், எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்கலத்தில் கவனம்

சில மாற்றங்களில் தவறு நேர்ந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். மின்கலத்தில் தவறு நேர்ந்தால் தீப்பிடிக்கும். எனவே, இதைப் பெரியவர்களின் துணையோடுதான் கையாள வேண்டும்.

லிப்போ வகை மின்கலத்தின் ஓர் அறை 3.7 வோல்ட் தரும். இரண்டு அறைகள் 7.4 வோல்ட், மூன்று அறைகள் 11.1 வோல்ட். இரண்டு அறை மின்கலத்துக்குப் பதிலாக மூன்று அறை மின்கலத்தை இணைத்தால் மோட்டாரின் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால், வேகக் கட்டுப்படுத்தி அந்த அளவைத் தாங்கும் என்று அதன்மீது குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கருகிவிடும்.

ஓர் அறையை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றக் கூடாது. எல்லா அறைகளையும் சமமாக ஏற்றும் மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். மின்னேற்றும்போது மின்கலத்தைத் தீப்பற்றாத பரப்பின்மீது வைத்து, அருகிலேயே இருக்க வேண்டும். இரவு முழுவதும் ஏற விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. பழைய மின்கலங்களை வீட்டுக் குப்பையில் போடுவதும் தவறு. மின்னணுக் கழிவுகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. எந்தப் பெட்டியில் எந்த வகை மின்கலத்தைப் போடலாம் என்பதைப் படித்தறிந்து செயல்பட வேண்டும்.

மழையும் மண்ணும்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மி.மீ.க்கும் அதிகமான மழை பெய்கிறது. ஈரமான செம்மண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால், டயர் வழவழப்பாகி வழுக்கத் தொடங்கும். பள்ளங்கள் அகலமாக உள்ள டயரில் மண் எளிதில் உதிர்ந்துவிடும். ஓட்டி முடித்ததும் மண்ணைத் துடைத்து, வண்டியை உலர வைத்து, பேரிங்குகளுக்குச் சிறிது எண்ணெய் இட வேண்டும். விலை உயர்ந்த புதிய பாகத்தைவிட இந்தப் பத்து நிமிட வேலை வண்டிக்கு அதிக நன்மை செய்யும்.

ஓட்டும் இடமும் முக்கியம். இயற்கைக் காப்பகங்களில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகுவது குற்றம். அங்குள்ள செடிகளுக்கும் உயிரினங்களுக்கும் நம் வண்டியால் தீங்கு நேரக் கூடாது. மற்ற இடங்களிலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தும் அனுமதி பெற்றும் ஓட்ட வேண்டும். பலகை, செங்கல், சரளைக்கல் ஆகியவற்றைக் கொண்டு சிறிய தடைப்பாதை ஒன்றை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

டயர், பற்சக்கரம், மின்கலம், சுருள்வில் ஆகிய நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் என்ன ஆகும்? வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால், எதனால் நன்றாக ஓடுகிறது என்பது தெரியாது. மோசமாக ஓடினால், எந்தப் பாகத்தைத் திருப்பி மாற்றுவது என்பதும் தெரியாது. பணமும் வீணாகும்.

எனவே, ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். சோதனை எளிமையானதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையை 50 செ.மீ. உயர்த்தினால் 30 பாகைச் சரிவு கிடைக்கும். சுமார் 71 செ.மீ. உயர்த்தினால் 45 பாகைச் சரிவு கிடைக்கும். வண்டி எந்தச் சரிவுவரை ஏறுகிறது, எங்கே வழுக்குகிறது, ஐந்து நிமிட ஓட்டத்துக்குப்பின் மோட்டார் எவ்வளவு சூடாகிறது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்ய வேண்டும். பிறகு அடுத்த பாகத்தை மாற்றலாம். உயர்நிலைப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நீங்கள் பின்பற்றும் முறையும் இதுதான்: தேவையை அறிதல், செய்து பார்த்தல், சோதித்தல், திருத்துதல்.

நாம் பார்த்த மாணவி கடைசியில் வாங்கியவை நான்கு டயர்களும் ஒரு சிறு பற்சக்கரமும் மட்டுமே. மின்கலத்தை இடம் மாற்ற அவருக்குச் செலவே ஆகவில்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் அவர் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதியிருப்பார்: இதனால் எனக்குக் கிடைப்பது என்ன? நான் இழப்பது என்ன? அந்த இழப்பை என் வண்டி தாங்குமா? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தபின் கடைக்குச் செல்பவர், தமக்கு எது தேவை என்பதோடு எது தேவையில்லை என்பதையும் அறிந்தே செல்கிறார்.